இடது காலை நீட்டிய பெரிய வியாழன்

எனது வலது கால் இப்போது முழங்காலுக்குக் கீழே ஒரு சாண் தூரத்தில் முடிந்துவிடுகிறது. இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. ஆலயத்துக்கு வெளியே என்னைச் சந்திப்பவர்கள் முகத்தைப் பார்த்துப் பேசிக்கொண்டே கண்ணை மெல்லக் கீழே இறக்குகிறார்கள். அவர்களுக்கு அந்தச் சிரமம் வேண்டாம்.

பங்கு இதழில் தவக்காலந்தோறும் ஒரு கட்டுரை எழுதிவந்தேன். பாவத்தைக் குருவிடம் அறிக்கையிடும் பாவசங்கீர்த்தனம், அதற்காக வருந்தும் மனஸ்தாபம், பரிகாரம் ஆகியவை குறித்து நான் எழுதியவற்றைச் சில தேயிலைத் தோட்டங்களின் சிற்றாலயங்களில் பிரசங்கத்துக்குப் பதிலாக வாசித்ததும் உண்டு. இவ்வருடம் அந்த இடத்தில் எனது மருத்துவமனை நாட்களைப் பற்றி எழுத அனுமதி கேட்டேன். பங்குத்தந்தை சிறிது யோசித்துவிட்டு ஒப்புக்கொண்டார்.

காரணம் ஒன்றே. என் காலை வெட்ட நேர்ந்தது என் மருமகள் சிவகாமியின் கவனக்குறைவால் என்று ஒரு பேச்சு பதுளையிலிருந்து லுணுகலை வரை நடமாடுகிறது. அது பொய். அந்தப் பொய்யை நான் வாயால் சொல்லவில்லை. வாயைத் திறக்காமல் இருந்தே உண்டாக்கினேன். நடந்தவற்றை ஒழுங்காகச் சொல்லக் கடமைப்பட்டுள்ளேன்.

நான் ஓய்வுபெற்ற பாடசாலை அதிபர். தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடான லயத்தில் பிறந்து, கல்லூரி விடுதிக்குப் போய், அங்கே முதன்முதலாகச் சப்பாத்து அணிந்தவன். வெறுங்காலுடன் நிற்பது என்றால் என்னவென்று அறிந்தவன் சப்பாத்தை எளிதில் விடமாட்டான். வீட்டிலும் காலுறையோடுதான் இருப்பேன். என் மனைவி உயிரோடிருந்த காலத்தில் இதைக் கேலி செய்வாள். அவளுக்குப் பின் கேலி செய்யத் துணிந்தவர் எவரும் வீட்டில் இல்லை.

சீனி வருத்தம் எனக்கு நெடுங்காலமாக உண்டு. கிளினிக் நாளுக்கு முன்பே சோற்றைக் குறைத்து, இனிப்பை ஒதுக்கி, இரத்தத்தில் நல்லதோர் எண்ணைக் காட்டிவிட்டு, வைத்தியரின் பாராட்டோடு திரும்பி, வழியில் ஒரு பால் தேநீர் குடிப்பது என் வழக்கம். இதை நான் ஏமாற்றாகக் கருதவில்லை. பரீட்சைக்கு ஆயத்தமாவது போலவே கருதினேன்.

இந்நோய் நாள்படும்போது பாதத்தின் நரம்புகளைச் செத்துப்போகச் செய்கிறது என்பதைப் பின்னர்தான் விளங்கிக்கொண்டேன். சுட்டால் தெரியாது, குத்தினால் தெரியாது. வலிதான் ஆபத்தைச் சொல்லும் முதல் ஆள். அந்த ஆள் வேலையை விட்டுப் போய்விடுகிறார். அதோடு இரத்த ஓட்டமும் குறைவதால் சிறு காயமும் ஆறாது.

தவக்கால வெள்ளிக்கிழமைகளில் பக்கத்துத் தோட்டத்து மலையுச்சிச் சிற்றாலயத்துக்குச் சிலுவைப்பாதை போவோம். அப்போது மட்டும் நான் சப்பாத்தைக் கழற்றிவிட்டு, சிலுவை தாங்கிச் செல்பவருக்கு அடுத்தபடியாக வெறுங்காலுடன் ஏறுவேன். “மாஸ்டரப் பாருங்க, இந்த வயசுல” என்று பின்னால் யாராவது சொல்வார்கள். அது என் காதில் விழும். விழவேண்டும் என்றும் எனக்கு இருந்தது. சென்ற தவக்காலத்தில் அந்த மலையில் கவ்வாத்து நடந்திருந்தது. வெட்டிப் போட்ட தேயிலைக் குச்சிகள், மிலாறு என்போமே, பாதை நெடுக ஈட்டிமுனைபோல் கிடந்தன. அவற்றில் ஒன்று என் வலது உள்ளங்காலில் ஏறி முறிந்தது. எனக்குத் தெரியவில்லை. சிலுவைப்பாதையின் பதினான்கு தலங்களிலும் முழந்தாளிட்டேன். வீட்டுக்கு வந்து காலுறையை மாட்டிக்கொண்டேன்.

துவைக்கிற இடத்தில் சிவகாமிதான் முதலில் கண்டாள். காலுறையைக் கையில் பிடித்தபடி என் அறை வாசலுக்கு வந்தாள்.

“மாமா, இந்த மேஸ்ல ரத்தமும் சீழுமா இருக்கு. காலக் காட்டுங்க, பாப்போம்.”

“எந்த வீட்டுல மருமக மாமனார் காலச் சோதிக்கிறது? துவைக்கக் குடுத்தத துவை.”

“நாத்தம் வருது மாமா. அவர்கிட்டயாவது சொல்லவா?”

அவர் என்றது என் மகன் அருளை. அருள் பதுளையில் ஓர் அரசாங்கக் கந்தோரில் எழுதுவினைஞன். தெரிந்தால் அன்றே என்னை ஆஸ்பத்திரியில் சேர்த்துவிடுவான்.

“சொன்னா இந்த வீட்டுல உனக்கும் எனக்கும் பேச்சில்ல. பெரிய வியாழன் முடியட்டும். நானே டொக்டர்கிட்ட போவேன்.”

“தெரிஞ்சுகிட்டே பேசாம இருக்கச் சொல்றீங்களா?”

“ஆமா.”

அவள் காலுறையைச் சுருட்டிக்கொண்டு போனாள். மறுநாளிலிருந்து குளியலறை வாசலில் வெந்நீரில் போட்டு உலர்த்திய வெள்ளைத் துணி மடித்து வைக்கப்பட்டிருந்தது. நான் எடுத்துக் கட்டிக்கொண்டேன். யார் வைத்தது என்று கேட்கவில்லை. கேட்டால் அவளுக்குத் தெரியும் என்று ஆகிவிடும்.

பெரிய வியாழன் எதற்காக என்பதையும் சொல்லவேண்டும். அன்று மாலைப் பூசையில் பங்குத்தந்தை பன்னிரண்டு ஆண்களின் பாதங்களைக் கழுவுவார். ஆண்டவர் தம் சீடருக்குச் செய்ததன் நினைவாக நடக்கும் சடங்கு அது. எங்கள் பங்கில் முதல் நாற்காலி என்னுடையது. எவரும் அதை எழுதிக் கொடுக்கவில்லை. ஆயினும் மற்றவர்கள் நான் அமர்ந்த பின்பே அமர்வார்கள். தாழ்மையைப் போதிக்கும் சடங்கில் முதலிடம் வேண்டும் என்று ஒருவன் தன் காலை அழுகவிட்டான் என்பதை இப்போது எழுதும்போது கை தயங்குகிறது. அன்று தயங்கவில்லை.

வலது காலை நீட்டுவதே எங்கள் வழக்கம். வீட்டிலேயே காலைத் தேய்த்துக் கழுவி, நகம் வெட்டிக்கொண்டுதான் எல்லாரும் வருவார்கள். பங்குத்தந்தையான சுவாமியின் கை அழுக்காகக் கூடாது என்ற மரியாதை. நான் இடது சப்பாத்தைக் கழற்றி இடது காலை நீட்டினேன். சுவாமி ஒரு கணம் நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்தார். பின்னர் நீர் ஊற்றித் துடைத்துக் குனிந்து முத்தமிட்டார். கழுவவேண்டிய கால் சப்பாத்துக்குள் இருந்தது.

உயிர்ப்பு ஞாயிறன்று குளிர் நடுக்கத்தோடு காய்ச்சல் வந்தது. அருள் என் சப்பாத்தைக் கழற்றினான். அறையில் நிற்க முடியாத வாடை. வாசலுக்குப் போய் வாந்தி எடுத்துவிட்டு வந்து வாடகை வான் வண்டிக்குத் தொலைபேசி எடுத்தான்.

ஆஸ்பத்திரியில் சத்திரசிகிச்சை வாட்டில் சேர்த்தார்கள். நீண்ட மண்டபம், இருபுறமும் கட்டில்கள், கட்டிலுக்கும் கட்டிலுக்கும் இடையே ஒரு சிறு அலுமாரி. பார்வையாளர் நேரத்தில் தோட்டங்களிலிருந்து வந்தவர்கள் சோற்றுப் பொட்டலமும் சுடுதண்ணீர்ப் போத்தலுமாக நிறைந்துவிடுவார்கள். அப்படி நிறைந்திருந்த ஒரு நேரத்தில் வைத்தியர் வந்தார். துணியை விலக்கிப் பார்த்துவிட்டுச் சிங்களத்தில் கேட்டார். தாதி அதைத் தமிழில் உரக்கக் கேட்டார். எங்கள் ஊரில் இரண்டு மொழியும் எல்லாருக்கும் விளங்கும். ஆகையால் வாட்டில் இருந்த அனைவரும் அதை இரண்டு முறை கேட்டார்கள்.

“வீட்டுல ஐயாவ பாத்துக்கிறது யாரு?”

சிவகாமி முன்னே வந்தாள். “நான்தான் மிஸ்.”

“கண்ணத் தொறந்து பாக்கலயா? கொஞ்சம் முந்தி கொண்டாந்திருந்தா ஒரு வெரலோட போயிருக்கும்னு டொக்டர் சொல்றார். மனுசன் கால் இப்படி அழுகுற வரைக்கும் வீட்டுல என்ன செஞ்சீங்க?”

சிவகாமி என்னைப் பார்த்தாள். அது குற்றம் சாட்டும் பார்வையன்று. நான் பேசுவேன் என்று காத்திருந்த பார்வை. அருள் அவளுக்குப் பின்னால் நின்றான். எதிர்க் கட்டிலருகே, அவள் பிறந்த தோட்டத்திலிருந்து தன் புருஷனைப் பார்க்க வந்த ஒரு பெண் நின்றாள். தாதி நின்றார். நான் கண்ணை மூடிக்கொண்டேன். காய்ச்சல் மயக்கம் என்று எல்லாரும் எண்ணியிருப்பார்கள். எனக்கு அப்போது மயக்கம் ஏதும் இல்லை.

“தவறிப்போச்சு மிஸ்” என்று அவள் குரல் கேட்டது.

பின்னர் பரிசோதனைகள் தொடங்கின. புண்ணிலிருந்து சிறிது எடுத்துக் கிருமியை வளர்த்துப் பார்த்தார்கள். எக்ஸ்ரேயில் எலும்பும் அரிக்கப்பட்டிருந்தது. ஒருநாள் இரத்தப் பரிசோதனை முடிவு ஒன்றை வைத்து இளம் வைத்தியர் ஒருவர் விளக்கினார். சாதாரணப் பரிசோதனை அன்றைய சீனியை மட்டும் சொல்லும். இது கடந்த சில மாதங்களின் சீனியைச் சொல்லும். இடையிலே பட்டினி கிடந்து இதை மாற்ற முடியாது. அவர் சிரித்துக்கொண்டேதான் சொன்னார். நான் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

இன்னொரு நாள் பென்சில் போன்ற ஒரு கருவியைக் காலில் வைத்து இரத்த ஓட்டத்தின் சத்தத்தைக் கேட்டார்கள். தொடையில் அலை அடிப்பது போல் கேட்டது. முழங்காலில் மெலிந்தது. கணுக்காலுக்குக் கீழே கருவியை அங்குமிங்கும் நகர்த்தினார்கள். ஒன்றும் கேட்கவில்லை. அந்த அமைதி எனக்கே விளங்கியது, எவரும் மொழிபெயர்க்கவில்லை.

சிவகாமி நாள்தோறும் நண்பகலில் வந்தாள். குரக்கன் பிட்டு, வல்லாரைச் சம்பல், அவித்த மரக்கறி. பஸ்ஸில் நின்றுகொண்டு வந்த களைப்பு முகத்தில் இருக்கும். முகம் துடைத்து, தலையணை உறை மாற்றி, நான் சாப்பிட்ட பாத்திரத்தைக் கழுவி எடுத்துக்கொண்டு போவாள். அருள் அவளோடு பேசுவதை நிறுத்தியிருந்தான். ஒருநாள் நடைவழியில் அவன் குரல் உயர்ந்தது: “எங்கப்பாவுக்கு நேரத்துக்குச் சோறு போட்டா போதும்னு நெனச்சியா? நீ மனுசிதானா?” அவள் பதில் எனக்குக் கேட்கவில்லை. அவள் வாயைக் கட்டியிருந்தது என் சொல்.

ஒருவருக்கு உண்மையைச் சொல்ல எத்தனையோ வாய்ப்புக் கிடைக்கிறது. ஊசி போட்ட பின் சொல்லலாம், காய்ச்சல் குறைந்த பின் சொல்லலாம், தனியே இருக்கும்போது சொல்லலாம் என்று நான் ஒவ்வொன்றாகத் தள்ளினேன். வெளியே வாங்கவேண்டிய மருந்துகளுக்கும் வான் கூலிக்கும் அருள் அலைந்துகொண்டிருந்தான். அவனுக்கு மேலும் கவலை கொடுக்கக் கூடாது என்று அதற்கொரு நல்ல பெயரும் வைத்துக்கொண்டேன்.

அடுத்த கட்டிலில் பதுளைக் கடைத்தெருவில் வியாபாரம் செய்யும் ஒரு ஹாஜியார் இருந்தார். அவருக்கும் இதே நோய். இடது பாதத்தில் பாதியை ஏற்கெனவே எடுத்திருந்தார்கள். “மாஸ்டர், ஒங்கட வலதும் போச்செண்டா, நம்ம ரெண்டு பேரையும் சேத்தாத்தான் ஒரு சோடி சப்பாத்துக்கு ஆள் வரும்” என்றார் ஒருநாள். வாட்டே சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஆனால் அன்றைய நாளில் என்னோடு நேராகப் பேசியவர் அவர் ஒருவரே.

இனி எழுதப்போவதுதான் எனக்கு மிகக் கடினமானது.

எதிர்க் கட்டிலருகே நின்ற பெண் கேட்டதைத் தோட்டத்துக்குக் கொண்டுபோயிருந்தாள். கொழுந்து நிறுக்கிற இடத்தில், கோவில் வாசலில், லுணுகலைச் சந்தையில் எல்லாம் அது பேசப்பட்டிருக்கிறது. சிவகாமியின் தாய் ஒரு நாள் பேர் விழாமல் கூலி போகும் என்று தெரிந்தும் வேலைக்குப் போகாமல் பஸ் ஏறி வந்தார். நல்ல சேலை உடுத்தியிருந்தார். கையில் ஒரு பப்பாசிப்பழம். கட்டிலின் கால்மாட்டில் நின்று, இரும்புச் சட்டத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

“ஐயா, எங்க புள்ள தெரியாம செஞ்சிருச்சு. நாங்க சரியா வளக்கல. நீங்க படிச்சவங்க, பெரிய எடம். நீங்கதான் மன்னிக்கணும்.”

“அம்மா, வேணாம். வா, போவோம்” என்று சிவகாமி அவர் தோளைப் பிடித்தாள்.

“நீ பேசாத. பேசுற மூஞ்சியா ஒனக்கு? ஐயா, ஒரு வார்த்த சொல்லுங்க. தோட்டத்துல தல காட்ட முடியல.”

அந்த ஒரு வார்த்தை என்னிடம் இருந்தது. வாட்டு முழுவதும் எங்களையே பார்த்தது. நான் கையைச் சற்று உயர்த்தி, “பரவால்ல. நடந்தது நடந்துபோச்சு. நான் மன்னிச்சிட்டேன்” என்றேன்.

“பெரிய மனசு” என்று யாரோ சொன்னார்கள். அந்தத் தாய் அழுதுகொண்டே கும்பிட்டார். சிவகாமி அழவில்லை. கொண்டுவந்த பாத்திரத்தை அலுமாரியின் மேல் வைத்தாள். தன் தாயின் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தாள். மறுநாள் அவள் வரவில்லை. அருள் கடைச் சாப்பாடு கொண்டுவந்தான். “அம்மா வீட்டுக்குப் போயிருக்கா. இருக்கட்டும், கொஞ்ச நாளைக்கு” என்றான்.

முழங்காலுக்குக் கீழே எடுப்பது என்று முடிவானது. அதற்கு முந்திய நாள் பங்குத்தந்தை எனக்கு நோயில் பூசுதல் கொடுக்க வந்தார். தோட்டத்தில் பிறந்து வளர்ந்த இளைஞர் அவர். நான் வழக்கம்போல் ஆங்கிலத்தில் பாவசங்கீர்த்தனம் செய்தேன். கல்லூரி நாட்களிலிருந்தே அப்படித்தான். பொறுமையின்மை, உடல்நலத்தில் அசட்டை, ஜெபத்தில் பராக்கு. வாக்கியங்கள் நன்றாக அமைந்தன. வேறு ஏதும் உண்டா என்று சுவாமி கேட்டார். இல்லை என்றேன். பாவமன்னிப்பு வழங்கி, நெற்றியிலும் கைகளிலும் எண்ணெய் பூசி, நற்கருணை அப்பம் தந்தார். அது நாவிலேயே நெடுநேரம் இருந்தது.

அவர் போனதும் ஹாஜியார் கேட்டார்: “ஏன் மாஸ்டர், ஆண்டவனுக்கு இங்கிலீசுலதான் வெளங்குமா?”

“அது எங்களுடைய வழக்கம், ஹாஜியார்.”

“சரி சரி. எனக்கு வெளங்கப்படாதெண்டு செல்லுறீங்கன்னு நெனச்சேன்.”

முதுகில் ஊசி போட்டு இடுப்புக்குக் கீழே மரக்கச் செய்தார்கள். முகத்துக்கு முன்னால் ஒரு பச்சைத் திரை. அப்பால் நடந்தது எதுவும் என் உடம்பைப் பற்றியது என்று தோன்றவில்லை.

கால் போன பின்பு அந்தக் கால் வலிக்கத் தொடங்கியது. இதை அனுபவித்திராதவர்கள் நம்பமாட்டார்கள். போர்வை அந்த இடத்தில் தட்டையாகக் கிடக்கிறது. ஆனால் உள்ளங்காலில் ஏதோ ஒன்று ஏறி முறிவதை அறிகிறேன். வெட்டுப்பட்ட நரம்பு, இல்லாத காலிலிருந்து மூளைக்குச் செய்தி அனுப்பும், சிலருக்கு மாதக்கணக்கில் இருக்கும் என்று வைத்தியர் விளக்கினார். இருந்தபோது குச்சி குத்தியும் உணராத பாதம், இல்லாமற் போன பின் உணர்ந்தது. மாத்திரை கொடுத்தார்கள். சிறிது குறைந்தது.

பழைய ஞானோபதேசப் புத்தகத்தில் மனஸ்தாபம் இரண்டு வகை என்று பிள்ளைகளுக்குப் படிப்பித்திருக்கிறேன். நரகத்துக்கும் தண்டனைக்கும் அஞ்சிப் பாவத்துக்காக வருந்துவது ஒன்று. நேசிக்கத்தக்கவரை நோகச் செய்துவிட்டோமே என்று வருந்துவது மற்றொன்று. அதுவே உத்தம மனஸ்தாபம். பரீட்சையில் இதற்கு முழுப் புள்ளி கொடுப்பேன். சத்திரசிகிச்சைக்கு முன் என்னிடம் முதலாவது வகைகூட ஒழுங்காக இருக்கவில்லை. சாவுப் பயம் மட்டும் இருந்தது. இப்போது காலும் போய்விட்டது. அஞ்ச ஒன்றும் மிச்சமில்லை. அப்படிக் கிடந்தபோதுதான் குளியலறை வாசலில் மடித்து வைத்திருந்த வெள்ளைத் துணி நினைவுக்கு வந்தது. போர்வையால் முகத்தை மூடிக்கொண்டேன். நான் அழுவதை வாட்டு பார்க்கக் கூடாது என்ற எண்ணம் அப்போதும் இருந்தது என்பதையும் எழுதிவிடுகிறேன்.

சுவாமியை மீண்டும் வரச்சொன்னேன். இம்முறை அவரே, “மாஸ்டர், தமிழ்ல சொல்லுங்களேன்” என்றார். தமிழில் நல்ல வாக்கியம் அமையவில்லை. ஆங்கிலத்தில் இதற்கு நாகரிகமான சொற்கள் உண்டு. தமிழில், “அவ மேல போட்டுட்டேன் சுவாமி. அவ அம்மாவுக்கு மன்னிப்பும் குடுத்துட்டேன்” என்று சொல்லவேண்டியிருந்தது. முன்பு செய்த பாவசங்கீர்த்தனத்தில் இதை மறைத்தேன் என்பதையும் சொன்னேன்.

அவர் கட்டில் ஓரத்தில் அமர்ந்தார். பின்பு, “கடவுள் மன்னிப்பாரு. அதுல சந்தேகமில்ல. ஆனா அவங்க மேல வச்சத நீங்கதான் எடுக்கணும். எங்க வச்சீங்களோ அங்க” என்றார்.

“அருள்கிட்ட தனியா சொல்லிடுறேனே, சுவாமி.”

“தனியாவா வச்சீங்க?”

மறுநாள் பார்வையாளர் நேரத்தில் வைத்தியர் வந்தார். அருள் கால்மாட்டில் நின்றான். நான் கட்டில் சட்டத்தைப் பிடித்து நிமிர்ந்து அமர்ந்து, முதலில் சிங்களத்திலும் பின்பு தமிழிலும் சொன்னேன்: “டொக்டர், என் மருமக முந்தியே கண்டுபிடிச்சா. டொக்டர்கிட்ட போகச் சொன்னா. நான்தான் காலக் காட்டல. யார்கிட்டயும் சொல்லக் கூடாதுன்னு தடுத்தேன். நீங்க ஏசினப்போ தெரிஞ்சுகிட்டே பேசாம இருந்தேன்.”

வைத்தியர் என் கட்டில் சீட்டில் ஏதோ குறித்தார். “இதை முன்பே சொல்லியிருக்கலாம்” என்று மட்டும் சொல்லிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போனார். வாட்டு திகைத்துப் போகும் என்று எண்ணியிருந்தேன். எவரும் திகைக்கவில்லை. முன்பு கேட்டவர்கள் பெரும்பாலும் வீடு போய்விட்டார்கள். கட்டில்களில் புதியவர்கள் கிடந்தார்கள். இந்தக் கிழவர் எதைப் பற்றிப் பேசுகிறார் என்றே அவர்களுக்குத் தெரியாது. அன்று மொழிபெயர்த்த தாதியும் வேறு வாட்டுக்கு மாறியிருந்தார்.

“கேட்டவங்கள்ல நான் ஒருத்தன்தான் மிச்சம், மாஸ்டர்” என்றார் ஹாஜியார். “அண்டைக்கு நீங்க கண்ண மூடினத நான் பாத்த. காச்சக்காரன் மூடுறது மாதிரி இல்ல.”

“அப்போ ஏன் ஒண்ணும் சொல்லல?”

“நான் செல்றதுக்கா அது?”

அருள் ஜன்னலருகே போய் முதுகு காட்டி நின்றான். “நான் அவளக் கை நீட்டி அடிக்கப் போனேம்ப்பா” என்றான். பிறகு, “ஒங்கள என்ன சொல்றதுன்னு தெரியல” என்றான். அன்று என் சாப்பாட்டை மட்டும் வைத்துவிட்டுச் சொல்லாமலே போய்விட்டான்.

வீடு திரும்ப அனுமதி கிடைத்ததும் நேராக லுணுகலைக்கு, சிவகாமியின் தாய் வீட்டுக்குப் போகச் சொன்னேன். வான் தோட்டத்துப் பாதையில் பாதி வரைக்கும்தான் போகும். அதற்கு மேல் படிக்கட்டு. ஊன்றுகோலில் ஏறிப் பழகவில்லை. சிவகாமியின் தம்பி லயத்திலிருந்து ஒரு பிளாஸ்டிக் நாற்காலி கொண்டுவந்தான். என்னை அதில் இருத்தி அருளும் அவனும் தூக்கிக்கொண்டு ஏறினார்கள். வேலை விட்டு வந்தவர்கள் கொழுந்துக் கூடையோடு ஒதுங்கி நின்று பார்த்தார்கள். வெட்டிய கால்சட்டையின் நுனி காற்றில் ஆடியது. அதை மறைக்க என்னிடம் ஒன்றும் இருக்கவில்லை.

லயத்து வாசலில் நாற்காலியை இறக்கினார்கள். உள்ளே வரச் சொன்னார்கள். வெளியிலேயே இருக்கிறேன் என்றேன். அக்கம்பக்கத்தார் கூடினார்கள். வாட்டில் சொன்னதையே மீண்டும் சொன்னேன். ஆஸ்பத்திரியில் எதிர்க் கட்டிலருகே நின்ற அந்தப் பெண்ணும் அங்கே நின்றாள், தலையைக் குனிந்துகொண்டாள்.

சிவகாமியின் தாய்தான் முதலில் பேசினார். குரலில் கோபம் இல்லை. அது இருந்திருந்தால் எனக்கு எளிதாயிருக்கும்.

“அன்னைக்கு நான் கும்பிட்டேனே ஐயா. அதையும் வாங்கிக்கிட்டீங்களே.”

“ஆமாங்க” என்றேன். என் வாழ்நாளில் அவரை ‘ங்க’ போட்டு நான் பேசியது அதுவே முதல் தடவை.

சிவகாமி கதவு நிலையில் சாய்ந்து நின்றாள். “நீ ஏம்மா உண்மையச் சொல்லல?” என்று அவளைக் கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது.

“நீங்க சொல்வீங்கன்னு பாத்துக்கிட்டு இருந்தேன் மாமா. டொக்டர் கேட்டப்போ பாத்தேன். எங்கம்மா அழுதப்போவும் பாத்தேன். அதுக்கப்புறம் பாக்கல.”

“என்ன மன்னிக்கணும்.”

பக்கத்து வாசலில் ஒரு குழந்தை அழுதது, யாரோ அதட்டினார்கள்.

“மன்னிச்சிட்டேன்னு சொல்றேன் மாமா. சொல்லாம இருந்தா எனக்குத்தான் பாரம். ஆனா நீங்க கண்ண மூடுனீங்க பாருங்க, அது இன்னும் எனக்குப் போகல. போனதும் சொல்றேன்.”

அவள் அன்று எங்களோடு வரவில்லை. அருள் தனியே இரண்டு முறை போய்ப் பேசிய பின்பு வந்தாள். வந்த அன்று, “நான் அவருக்காகத்தான் வந்தேன்” என்று தெளிவாகவே சொன்னாள். அது நியாயம்.

இந்தப் பெரிய வியாழனுக்கும் முதல் நாற்காலியில் அமரும்படி சுவாமி கேட்டார். வேண்டாம் என்றேன். அதைத் தாழ்மை என்று எவரும் எழுத வேண்டாம்.

பதுளையிலும் பசறையிலும் லுணுகலையிலும் மொனராகலையிலும் யார் யார் வீட்டில் அந்தப் பேச்சு போய்த் தங்கியிருக்கிறதோ எனக்குத் தெரியாது. ஒற்றைக் காலோடு வீடு வீடாக ஏறி இறங்க இயலாது. இந்த இதழ் அந்த வீடுகளுக்குப் போகிறது. வாசிப்பவர்கள், வாசிக்கத் தெரியாதவர்களுக்கும் படித்துக் காட்டும்படி கேட்டுக்கொள்கிறேன். என் கால் போனதற்குச் சிவகாமி காரணமல்ல. அவள் கண்டாள், சொன்னாள், துணி துவைத்து வைத்தாள்.

எஞ்சிய பாதத்தை நாள்தோறும் சோதிக்கவேண்டும் என்பது வைத்தியர் கட்டளை. விரலிடுக்கு, குதிகால், உள்ளங்கால். என்னால் குனிந்து பார்க்க முடியாது. ஆகவே மாலையில் காலுறையைக் கழற்றிவிட்டு இடது காலை நீட்டுகிறேன். சிவகாமி வேலையை முடித்துவிட்டு வந்து, விளக்கைக் கிட்டத்தில் பிடித்துப் பார்க்கிறாள். பெரும்பாலும் ஒன்றும் பேசுவதில்லை. அவள் பார்த்து முடிக்கும்வரை நான் கண்ணை மூடுவதில்லை.